ஆறு வார உரிமை



தொண்டூரில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் சென்ற மாதம் வந்திருந்தார். ஐந்து மாதக் கருவை இழந்த அவர் மனைவி, நான்காம் நாளே தொழிற்சாலைக்குச் சென்றுவிட்டாராம்.

“விடுப்பு எடுக்கவில்லையா, தம்பி?”

“குழந்தை பிறந்தால்தானே விடுப்பு, ஹஜ்ரத்?”

இவ்வறியாமை நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. கருச்சிதைவுற்ற பெண்ணுக்கு ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு என்பது 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தந்த உரிமை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதனை நிலைநிறுத்துகிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனமாயின், மருத்துவச் சான்று கொடுத்துக் கேட்கலாம். 26 வாரங்களுக்குப் பின் குழந்தை இறந்து பிறந்தால், அதுவும் மகப்பேறாகவே கருதப்படும்.

தந்தைக்கோ? தனியார் பணியில் அவருக்கெனச் சட்டம் ஒரு நாளும் ஒதுக்கவில்லை. நியூசிலாந்து 2021இல் தாய், தந்தை இருவருக்கும் ஊதியத்துடன் மூன்று நாள் துக்க விடுப்பு வழங்கியது. தம் மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். ஆகவே தந்தையின் துயரம் நாணத்தக்கதன்று.

சிறு கடையும் பட்டறையும் நடத்தும் சகோதரர்களே! பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் சட்டம் உங்களைக் கேளாது, அல்லாஹ் கேட்பான். குழந்தையை அடக்கிவிட்டு வரும் பணியாளரிடம், “சில நாள் வீட்டில் இரும், சம்பளம் குறையாது” என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள்.