பல்டி அடிக்காதவனுக்கு ஒரு படகு

ஜெட் ஸ்கி என்பது கவாஸாகி கம்பெனி பதிவு செய்து வைத்திருக்கும் பெயர். வனஸ்பதியை எல்லாம் டால்டா என்றும், நகல் எடுப்பதை எல்லாம் ஜெராக்ஸ் என்றும் சொல்லிப் பழகிய நமக்கு, தண்ணீரில் புர்ரென்று போகிற ஸ்கூட்டர் எதுவானாலும் ஜெட் ஸ்கிதான். அதில் இரண்டு ஜாதி உண்டு. உட்கார்ந்து போவது ஒன்று. ரிசார்ட்டில் காசு கட்டினால் மனைவி குழந்தை சகிதம் ஒரு ரவுண்டு அனுப்புவார்களே, அது. சோபாவுக்கு மோட்டார் வைத்த மாதிரி இருக்கும். இன்னொன்று நின்று ஓட்டுவது. ஸீட் கிடையாது. ஒரே ஆள். முன்னால் மேலும் கீழும் அசைகிற ஒரு நீளக் கம்பம், அதன் நுனியில் ஹேண்டில்பார், பின்னால் கால் வைக்க ஒரு பள்ளம். அவ்வளவுதான். நின்றால் கெட்டிக்காரன், விழுந்தால் குளியல்.

மோட்டோகிராஸ் பைக்கில் விழுந்து விழுந்து சிராய்த்துக்கொண்ட கிளேட்டன் ஜேக்கப்ஸன் என்ற அமெரிக்கர், 'விழுந்தால் அடிபடாத இடத்தில் ஓட்டினால் என்ன?' என்று யோசித்ததன் விளைவு இது. 1973-ல் கவாஸாகி இதை விற்க ஆரம்பித்தது. 1990-ல் யமஹா 'சூப்பர்ஜெட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சுமார் 140 கிலோ எடை, டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். 2020 வரை அதை விற்றார்கள். அப்புறம் புகை விஷயத்தில் கெடுபிடி. நம்மூர் ஆர்எக்ஸ் 100-க்கு 1996-ல் நேர்ந்த கதிதான் இங்கே கொஞ்சம் லேட்டாக நேர்ந்தது. இப்போது கடையில் கிடைப்பது ஃபோர்-ஸ்ட்ரோக். கவாஸாகியின் 1,498 சிசி மாடல் 250 கிலோ. எருமையை நின்றுகொண்டு ஓட்டுவது போல. நல்ல எருமைதான், வேகமாகவும் போகும். ஆனால் எருமை எருமைதானே?

அதனால்தான் அமெரிக்காவில் ஒரு விசித்திர வியாபாரம் நடக்கிறது. பழைய சூப்பர்ஜெட் ஒன்றை வாங்கு. எஞ்சின், பம்ப், வயர் எல்லாவற்றையும் கழற்று. தனியார் தயாரிக்கும் புத்தம் புது வெற்றுடம்பு ஒன்றை வாங்கி, எல்லாவற்றையும் அதில் பூட்டு. இந்த வெற்றுடம்புக்கு 'ஹல்' என்று பெயர். கூடு விட்டுக் கூடு பாய்வது என்று நம் சித்தர்கள் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் ஃபீனிக்ஸில், இரண்டு தடுப்பு தள்ளி உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டும் தஞ்சாவூர்ப் பையன் ஒருவன் இந்தக் கூடு பாய்ச்சலில் இறங்கினான். கையில் ஒரு 1996 மாடல் சூப்பர்ஜெட். 701 சிசி. எஞ்சின் கல் மாதிரி. ஹல்தான் மண். மூக்கில் விரிசல், அடியில் ஒட்டுமேல் ஒட்டு, மிதப்பதற்காக உள்ளே அடைத்திருக்கும் நுரை பல வருஷத் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே விட மாட்டேன் என்கிறது. டிரெய்லரிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. இந்த ஏரி சமாசாரத்தில் நான் அவனுக்கு ஆறேழு வருஷம் சீனியர் என்பதால் என்னிடம் வந்தான்.

"அண்ணே, புது ஹல் வாங்கப்போறேன். இந்த வீடியோவப் பாருங்க."

பார்த்தேன். ஓர் ஆள் அலையே இல்லாத தண்ணீரில் ஜெட் ஸ்கியோடு அந்தரத்தில் எழும்பி, பின்பக்கமாக முழு பல்டி அடித்து, ஒன்றும் நடக்காதது போல நின்றுகொண்டே போகிறான்.

"இந்த ஹல்தான் வேணும்ணே."

"நீ பல்டி அடிக்கப்போறியா?"

"இப்ப இல்ல. ஆனா பின்னாடி..."

இந்த 'பின்னாடி' இருக்கிறதே, உலகத்தில் பாதி சாமான்கள் இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் விற்கின்றன. மலையே ஏறாதவன் மலையேறும் பூட்ஸ் வாங்குவதும், ஸ்வரம் தெரியாதவன் கிடார் வாங்குவதும் 'பின்னாடி'க்காகத்தான். ஒரு ஷூவோ கிடாரோ பரவாயில்லை, மூலையில் கிடக்கும். ஹல் சில ஆயிரம் டாலர். அது போதாதென்று தண்ணீரில் பழிவாங்கும்.

எப்படி என்று சொல்கிறேன்.

ஹல்லின் அடிப்பாகம் மூக்கிலிருந்து வால்வரை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதற்கு 'ராக்கர்' என்று பெயர். குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரையின் கால் ஞாபகம் இருக்கிறதா? அந்த வளைவு. பல்டி ஹல்லுக்கு இது தாராளம். நீளமும் குறைவு. வால்பக்கம் எடையைப் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மூக்கு ஜிவ்வென்று வானத்தைப் பார்க்கும். அதேதான் அதன் வியாதியும். நேராக வேகமாகப் போக நினைத்தால் மரக்குதிரை மாதிரியே முன்னும் பின்னும் ஆடும். தண்ணீரின்மேல் தட்டையாகப் படுத்து வழுக்கிப் போவதற்குப் பதில், வளைந்த அடி தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும். இதை ஈடுகட்ட, பல்டிக்காரர்கள் 1,000 சிசியும் அதற்கு மேலும் உள்ள ஸ்பெஷல் எஞ்சின்களைப் பூட்டுகிறார்கள். எஞ்சின் விலை ஹல் விலையைவிட ஜாஸ்தி. நம்ம பையனிடம் இருப்பது வெறும் 701. அதை வைத்து அலையில்லாத ஏரியில் பல்டி அடிப்பது, டவுன் பஸ்ஸில் ஏறி விமானம் பிடிக்க முடியாது என்று புலம்புவதற்குச் சமம்.

பந்தய ஹல் நேரெதிர். அடி கிட்டத்தட்ட தட்டை, நீளம், அகலம். ரயில் மாதிரி போகும், திருப்பத்தில் கடித்துக்கொண்டு திரும்பும். ஆனால் விளையாட்டுக்கு வராது. அலையில் குதிக்கிறவர்களுக்கு என்று மூன்றாவது வகை. வளைவு மிதம், அலைக்குள் மூக்கு புதையாமல் இருக்க முன்பக்கம் கொஞ்சம் உப்பல். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போய், நண்பர்களோடு சுற்றி, அடுத்தவன் படகு கிளப்பும் அலையில் சின்னதாக ஒரு எம்பு எம்பி, மத்தியானம் சாப்பிட வருகிற நம்மைப் போன்ற ஆசாமிக்கு, இந்த மூன்றாவது வகையில் வளைவு குறைந்ததே போதும், ஜாஸ்தியும் கூட.

"உன் எடை எவ்வளவு?" என்றேன்.

"எழுபத்தெட்டு. டயட்ல இருக்கேன்."

"எண்பத்தஞ்சுன்னு வச்சிக்கறேன்."

இது கிண்டல் இல்லை. ஹல் சின்னதானால் மிதப்பு குறையும். கிளம்பும்போது நாம் பாதி தண்ணீரில், வயிறு பின்தட்டில், கால்கள் வாலாகத் தொங்க, ஆக்ஸிலேட்டரை அழுத்தி, முட்டி போட்டு, பிறகு எழ வேண்டும். ஐம்பத்தைந்து கிலோ சாம்பியனுக்காக அளவெடுத்த ஹல்லில் எண்பத்தைந்து கிலோ ஆள் ஏறினால் முதல் பத்து நிமிஷம் அது நீர்மூழ்கிக் கப்பல். ஒவ்வொரு முறை விழுந்து எழுவதற்குள் தோளும் முதுகும் கழன்றுவிடும். நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிற முதுகு நம்முடையது. ஆகவே கால் வைக்கும் தட்டு கொஞ்சம் அகலமாகவே இருக்கட்டும். ஒல்லித் தட்டு சட்டென்று சாயும், அகலத் தட்டு மன்னிக்கும். மன்னிக்கிற சாமான்தான் வீட்டுக்கு லட்சணம்.

அப்புறம் பொருத்தம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் என்றால் இதற்கு நாலு. எஞ்சின் உட்காரும் போல்ட் அமைப்பு நம் எஞ்சினுக்குச் சேருமா? பம்ப் எத்தனை மில்லிமீட்டர்? (701-க்கு 144. பெரிய எஞ்சின்காரர்களுக்காக 155 வைத்துச் செய்த ஹல்லை வாங்கினால் பம்ப்பும் புதிதாக வாங்க வேண்டும்.) பெட்ரோல் டாங்க்கும் சைலன்ஸர் பெட்டியும் உள்ளே அடங்குமா? பழைய மூடியும் கம்பமும் பொருந்துமா? இதில் ஒவ்வொரு 'இல்லை'யும் இன்னொரு பில். 'ஹல் மலிவாகக் கிடைத்தது' என்று ஆரம்பித்து, கடைசியில் புது ஜெட் ஸ்கி விலையைத் தாண்டியவர்களை எனக்குத் தெரியும்.

எதில் செய்தது என்பதையும் கேட்க வேண்டும். கார்பன் ஃபைபர் காற்றுபோல இருக்கும், விறைப்பாக நிற்கும். ஆனால் எடை குறைக்க ரொம்ப மெலிதாகச் செய்ததைக் கரையில் மணலிலும் கூழாங்கல்லிலும் ஏற்றி இறக்கினால் மனசு கேட்காது. கிளாஸ் ஃபைபரில், அடி வாங்கும் இடங்களில் மட்டும் கெவ்லர் வைத்துப் பலப்படுத்தியது நாலைந்து கிலோ கூட இருந்தாலும் பாதகமில்லை. உடைந்தால் கராஜில் வைத்து நாமே ஒட்டலாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்ட பையன், அடுத்த வாரமே போன் பண்ணினான். லேக் ஹவாஸுவில் ஒருத்தர் பழைய ஹல் விற்கிறாராம். பாதி விலை. மூன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போனோம்.

ஹவாஸு பாலைவனத்துக்கு நடுவில் கொலராடோ நதியைத் தேக்கி உண்டான ஏரி. ஜெட் ஸ்கிக்காரர்களுக்குக் கும்பகோணம் மாதிரி. பல வருஷம் உலகப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. அங்கே லண்டன் பாலம் இருக்கிறது. நிஜ லண்டன் பாலம். 1968-ல் ராபர்ட் மெக்கல்லக் என்ற தொழிலதிபர் 24.6 லட்சம் டாலருக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கப்பலேற்றி, 1971-ல் இங்கே திரும்ப நிறுத்தினார்.

ஹல்லைப் பார்த்தேன். ஒரு நாணயத்தை எடுத்து அடிப்பாகம் முழுக்கத் தட்டினேன். தேங்காய் வாங்குகிற அதே வித்தைதான். 'டக் டக்' என்று கேட்டால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'தொப்' என்றால் உள்ளே பிரிந்துவிட்டது. எஞ்சின் உட்காரும் இடம், கம்பம் மாட்டும் இடம், மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் ஓரம், கால் தட்டு, எல்லா இடத்திலும் 'டக் டக்'. பையன் முகத்தில் பல்ப் எரிந்தது. வளைவும் அவ்வளவு மோசமில்லை.

பின்பக்கம் போய் வலது மூலையைத் தடவினேன். அமெரிக்காவில் படகு என்று செய்தால் அங்கே 12 எழுத்தில் ஒரு அடையாள நம்பர் இருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளரைச் சொல்லும். அந்த இடம் மொழுமொழுவென்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தது.

"நம்பர் எங்கே?" என்றேன்.

விற்கிறவர் மிக அன்பாக, "அது ஒன்றும் பிரச்னையில்லை. உங்கள் பழைய ஹல்லின் நம்பரைப் பெயர்த்து இதில் ஒட்டிக்கொள்ளுங்கள். எல்லாரும் செய்வதுதான்" என்றார்.

பையன் என் காதில், "வாங்கிடலாமா அண்ணே? பாதி வெல."

லண்டன் பாலத்துக்கே கல்லுக்குக் கல் நம்பர் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். இந்த ஆளின் ஹல்லுக்கு ஒரு நம்பர் இல்லை.

"தம்பி, நம்பரை எடுத்து ஒட்டறது குத்தம். நம்பரே தேச்சுப் போயிருக்குன்னா இது யார் வீட்டு கராஜ்லேருந்து கிளம்புச்சோ. அரிஸோனால படகு ரிஜிஸ்டர் பண்றது மீன்-வேட்டை இலாகா. துப்பாக்கி வச்சிருக்கற இலாகா. நீ விசால இருக்கற ஆளு. ஒரு ஞாயித்துக்கிழமை சந்தோஷத்துக்காக ஷெரீஃப் முன்னாடி நிக்கப்போறியா?"

அவனுக்கு விசா என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. போதும். திரும்பி வரும் மூன்றரை மணி நேரமும் பேசவில்லை. பாதி விலையில் கிடைப்பதை விட்டுவிட்டு வருகிற ஆணின் துக்கம் தனி ரகம், அதில் நான் குறுக்கிடவில்லை.

கடைசியில் புதிதாகவே ஆர்டர் கொடுத்தான். மித வளைவு, அகலத் தட்டு, 144 பம்ப்புக்கான அமைப்பு, கிளாஸ் ஃபைபர் உடம்பில் ஆங்காங்கே கெவ்லர். பணம் கட்டுமுன் அவன் கேட்ட முதல் கேள்வி, "நம்பரும் பிறப்புச் சான்றிதழும் கூட வருமா?" தயாரிப்பாளர் தருகிற அந்தக் காகிதம் இல்லாவிட்டால், சொந்தமாகக் கட்டிய படகு மாதிரி பரிசோதனைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு ரசீதாகக் காட்டி, நம்பர் கேட்டு நிற்க வேண்டும். அதற்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது சுலபம்.

பத்து வார இறுதிகள் கராஜில் கிடந்து பூட்டினோம். முதல் நாள் ஏரியில் லைஃப் ஜாக்கெட் போட்டு, விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். அதே பழைய எஞ்சின், தண்ணீர் குடித்த நுரையைச் சுமக்காததால் புதுசு மாதிரி பாய்ந்தது. நாலு முறை விழுந்தான். ஐந்தாவது முறை எழுந்தவன் இருபது நிமிஷம் கரைக்கே வரவில்லை. தூரத்தில், யாரோ கிளப்பிய அலையில் ஒரு முழம் எம்பி இறங்கினான். அந்த ஒரு முழத்துக்கு அவன் போட்ட கூச்சல் இந்தக் கரைக்குக் கேட்டது. வீடியோவில் பல்டி அடித்தவன்கூட அப்படிக் கத்தவில்லை.

அப்படியானால் பல்டி? அதையும் அன்றைக்கே அடித்தான். கரையேறும்போது, பாசி பிடித்த பாறையில் கால் வைத்து. அதற்கு எந்த ஹல்லும் தேவைப்படவில்லை.