அம்மாவின் 555 நோட்டும் ஐந்தாம் படிவப் புள்ளியியலும்

உள்ளங்கை அளவு 555 நோட்டு ஒன்று எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டிய காலத்தில், அன்றன்றைக்கு ஸ்டோரில் நிறுத்த பால் எத்தனை கிலோ என்று அம்மா இரவில் அதில் குறித்துவைப்பார். மழையில் வேலை நின்ற நாளுக்கு ஒரு சுழி, அதன் பக்கத்தில் 'ம' என்று ஓர் எழுத்து. சம்பளச் சீட்டு வந்ததும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒத்துப் பார்ப்பார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர் அவர்.

இப்போது அந்த நோட்டு சனிக்கிழமைதோறும் என்னோடு கோயில் மண்டபத்துக்கு வருகிறது. தோட்டத்திலிருந்தும் சுற்றியுள்ள தாமான்களிலிருந்தும் வரும் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு அங்கே கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். எஸ்.பி.எம். தேர்வில் புள்ளியியல் என்றாலே அவர்களுக்குச் சூத்திரம்தான் நினைவுக்கு வருகிறது. சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும், கால்குலேட்டர் கையில் இருக்கும். ஆனால், "இந்த இருவரில் யார் சீரானவர்? காரணம் கூறு" என்று கேள்வியின் கடைசி வரி கேட்டால் பேனா நின்றுவிடும். அங்கேதான் நம் பிள்ளைகள் மதிப்பெண்ணை விட்டுவிட்டு வருகிறார்கள்.

நான்காம் படிவப் பாடநூலின் எட்டாம் பாடமும் ஐந்தாம் படிவத்தின் ஏழாம் பாடமும் தரவு எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பதைப் பற்றியவை. 2021 எஸ்.பி.எம். முதல் நடப்புக்கு வந்த புதிய முறையில், கணக்கைப் போட்டால் மட்டும் போதாது, போட்ட கணக்கு என்ன சொல்கிறது என்றும் எழுதவேண்டும். நாமோ தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரிய மண்டபம் பிடித்து, இருநூறு பிள்ளைகளை உட்காரவைத்து, 'வரப்போகும் கேள்விகள்' என்று தாள் கொடுத்து அனுப்புகிறோம். ஏற்பாட்டாளர்கள் நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எண்ணைப் படிக்கும் பழக்கம் மூன்று வாரத்தில் வராது. மண்டபத்துக்கும் தாளுக்கும் செலவாகும் பணத்தில் நான்காம் படிவத்திலிருந்தே வாரம் ஒரு மணி நேரம் நடத்துங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

எதை வைத்து நடத்துவது? வீட்டிலேயே இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரின் ஐந்து நாள் பால் கணக்கைப் பலகையில் எழுதினேன். ஒருவருக்கு 22, 23, 22, 24, 24. இன்னொருவருக்கு 35, 10, 30, 12, 28. கூட்டினால் இருவருக்கும் 115, சராசரி 23. "ரெண்டு பேரும் ஒண்ணுதான் டீச்சர்" என்றான் ஒருவன். "மளிகைக் கடைக்காரர் யாருக்குக் கடன் கொடுப்பார்?" என்று கேட்டேன். பின்வரிசையில் எப்போதும் பேசாமல் இருக்கும் பெண், "முதல் ஆளுக்கு. அவர்கிட்ட தினமும் இருக்கும்" என்றாள். பிறகுதான் திட்ட விலக்கத்தைப் போட்டோம். முதல் ஆளுக்கு 0.89, இரண்டாமவருக்கு 10.08. அவள் வாயால் சொன்னதையே அந்த இரண்டு எண்களும் சொல்கின்றன என்று காட்டியபோது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகே, தேர்வில் இதை மலாயில் எப்படி எழுதுவது என்ற பேச்சு: 'சிசிஹான் பியாவாய்' சிறியது, ஆகவே இவர் சீரானவர்.

இந்த வரிசை முக்கியம். தமிழ்ப்பள்ளியில் சராசரி என்று படித்த பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியில் அது 'மின்' ஆகிவிடுகிறது, வீச்சு 'ஜூலாட்' ஆகிவிடுகிறது. சொல் மாறியதும் பொருளும் கைவிட்டுப் போய்விட்டதாக அது பயந்துபோகிறது. பொருளைத் தமிழில் பிடித்துக்கொண்ட பிள்ளை மலாய்ச் சொல்லை ஒரே வாரத்தில் பழகிக்கொள்ளும். பல ஆண்டுகளாக இதைக் கண்ணால் பார்த்து வருகிறேன்.

குவிவு நிகழ்வெண் வளைகோடான ஓகிவ் வரைவதிலும் இப்படித்தான். வகுப்பின் நடுப்புள்ளியில் குறிப்பதா, மேல் எல்லையில் குறிப்பதா என்று பிள்ளைகள் தடுமாறாத ஆண்டே இல்லை. நான் வாளியைச் சொல்வேன். ஒவ்வொரு நிரையாகப் பால் எடுத்து வாளியில் ஊற்றுகிறோம். ஒரு நிரையின் பால் முழுக்க வாளிக்கு வந்துவிட்டதா என்பது அந்த நிரை முடிந்த பிறகுதானே தெரியும்? ஆகவே புள்ளி மேல் எல்லையில். ஊற்ற ஊற்ற வாளியில் பால் குறையாது, ஆகவே ஓகிவ் கோடு கீழே இறங்காது. மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தையே பார்த்திராத தாமான் பிள்ளைக்கும் இது புரிகிறது. தாத்தா பாட்டி சொல்லி அவர்கள் காதில் விழுந்த உலகம் அது.

இடைநிலை எதற்கு என்று கேட்பார்கள். நோட்டிலிருந்து ஆறு நாளை எடுப்பேன்: 24, 25, 0, 23, 26, 22. சராசரி 20. அப்பா அந்த வாரம் 20 கிலோ எடுத்த நாள் ஒன்றுகூட இல்லை. ஒரு மழை நாள் சராசரியைக் கீழே இழுத்துவிட்டது. இடைநிலை 23.5, அதுதான் அவருடைய வழக்கமான நாள். நாட்டுக் கணக்கிலும் இதே கதை, திசைதான் வேறு. 2022இல் மலேசியக் குடும்பங்களின் மாத வருமானச் சராசரி 8,479 ரிங்கிட், இடைநிலை 6,338 ரிங்கிட். மேலே உள்ள சிலரின் பெரிய வருமானம் சராசரியைத் தூக்கிவிடுகிறது. பத்திரிகையில் சராசரியை மட்டும் படித்துவிட்டு, "நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கம்மி?" என்று ஒரு பிள்ளை மனம் சுருங்கக்கூடாது. அந்த ஆண்டு நாட்டில் பாதிக் குடும்பங்கள் அந்த 6,338க்குக் கீழேதான் இருந்தன.

மறுபடி தேர்வுக்கு வருவோம். 2024இல், எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ எடுத்த எல்லாருக்கும் இனம் பாராமல் மெட்ரிகுலேசன் இடம் என்று பிரதமர் அறிவித்தார். மகிழ்ச்சிதான். என் வகுப்பில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். அவர்களுக்குக் கணிதத்தில் ஒரு கிரெடிட் வேண்டும். அது இல்லாமல் எத்தனையோ படிப்புக்கு மனுவே போடமுடியாது. புள்ளியியல் கேள்வியை முழுதாகச் செய்யும் பிள்ளை அந்தக் கிரெடிட்டுக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது.

போன மாதம் நோட்டின் ஒரு பக்கத்தை ஒரு பையனிடம் கொடுத்து, அந்த மாதச் சராசரி கேட்டேன். 26 வேலை நாள், அதில் பத்து நாள் வெற்றாக இருந்தன. "டீச்சர், இங்க சுழியும் இல்ல, 'ம'வும் இல்ல. சுழின்னு போடவா, விட்டுடவா?" என்று கேட்டான். அந்தப் பத்து நாளும் அம்மா என் தம்பியைப் பெற்று சிரம்பான் மருத்துவமனையில் இருந்தார். அப்பா வேலைக்குப் போனார், எழுதத்தான் வீட்டில் ஆள் இல்லை. அதைச் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு 26ஐ அடித்துவிட்டு 16 என்று எழுதி, வகுத்தலைத் தொடங்கினான்.