புது ஸ்ட்ரைக்கர் வந்த உடனே தீர்ப்பா?

1/ சென்னையின் எஃப்சி ரசிகர்களே, புதுசா ஒரு ஸ்ட்ரைக்கர் வந்தாலே "வயசாயிடுச்சு, வேஸ்ட்"னு ஆரம்பிச்சிடறீங்க. கொஞ்சம் பொறுங்க.

2/ 2019-20 சீசன் ஞாபகம் இருக்குங்களா? லித்துவேனியாக்காரர் வால்ஸ்கிஸ், வயசு 32. முதல் 4 மேட்ச்ல டீமே ஒரு கோல்கூட அடிக்கல.

3/ 5ஆவது மேட்ச், ஹைதராபாத்தோட. கடைசி நேரத்துல வெற்றி கோல் அவரோடது. சீசன் முடிவுல 15 கோல், கோல்டன் பூட். டீம் ஃபைனல் வரைக்கும் போச்சு.

4/ மாறினது அவர் கால் இல்லீங்க. நடுவுல ஓவன் கோய்ல் கோச்சா வந்தார். கிரிவெல்லாரோ பாஸ் முன்னாடி போய்ச் சேர ஆரம்பிச்சது. கோல் வராதது அறிகுறி; நோய் நடுக்களத்துல.

5/ கணியூர்ப் பக்கம் ஓபி-யிலயும் இதே கதைதான். ரெண்டு வேளை மாத்திரையில காய்ச்சல் விடலைன்னா வேற டாக்டர். மருந்துக்கு 2-3 நாள் குடுங்க, ஸ்ட்ரைக்கருக்கு 8 மேட்ச். அப்புறமும் கோல் இல்லையா? தாராளமா திட்டுங்க. அவருக்குப் பந்து வந்துச்சான்னு பாத்துட்டு.