ஆகஸ்ட் 15-க்கு லீவு மட்டும் போதுமா மக்களே?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் 15-க்கு பிரியாணி எங்கே வாங்கலாம், டிவியில் என்ன படம்? "கொடி ஏற்றுகிறீர்களா?" என்று கேட்டேன். "டிபி மாத்தியாச்சு மாமா" என்று பதில் வந்தது. பேத்தி அதற்கும் மேலே: "சுதந்திர தினம்னா போர் தாத்தா. வெயில்ல நிக்கணும், ஒரு மிட்டாய் தருவாங்க."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளை அந்த வெயிலில் நிறுத்தியவன் நான். ஒரு வருஷம் சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம். ஏழாம் வகுப்புப் பையன் மயங்கி விழுந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்து, திரும்பவும் வரிசையில் நிறுத்தினேன். அவன் இதை வாசிக்கிறான் என்று தெரியும். மக்கா, மன்னிச்சுக்கோ. இந்த நாளை உங்களுக்குக் கசக்க வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

அதற்காக அந்தக் கசப்பை அப்படியே நம் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போகலாமா?

நாஞ்சில் நாட்டுக்கு இந்த நாள் சும்மா வரவில்லை. 1947 ஜூன் 11-ல் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், சமஸ்தானம் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தார். ஜூலை 25-ல் திருவனந்தபுரத்தில் அவர் தாக்கப்பட்டார். அதன் பிறகுதான் மன்னர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார். சுதந்திரத்துக்கு மூன்று வாரத்துக்கு முன்புவரை நாம் இந்தியாவுக்குள் இருப்போமா என்பதே நிச்சயமில்லை. இதை எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறோம்?

என் யோசனை எளிது. முந்தின நாள் ராத்திரி பிள்ளைகளை உட்காரவைத்துக் காகிதத்தில் கொடி செய்யச் சொல்லுங்கள். நீளம் மூன்று பங்கு, உயரம் இரண்டு பங்கு. சக்கரத்தில் 24 ஆரம். பாதிப் பெரியவர்களுக்கே எண்ணிக்கை தப்பும், சிரிப்பு தாங்காது. மறுநாள் அந்தக் கொடி சாக்கடையில் கிடக்கக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

காலையில் ஒரு ஊருக்குப் போங்கள். வெள்ளைக்காரனை எதிர்த்து 1809-ல் உயிர்விட்ட வேலுத்தம்பி தளவாயின் தலக்குளம். ஜீவா 1907-ல் பிறந்த பூதப்பாண்டி. தமிழகத்தோடு இணையக் கேட்டவர்கள்மேல் 1954 ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிச் சூடு நடந்த புதுக்கடை. கதையைப் பெரியவர்கள் சொல்ல வேண்டாம். ஒரு பிள்ளை முந்தின நாளே கேட்டுப் படித்து வந்து சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் ஆச்சி திருத்தட்டும். திரும்பும் வழியில் சாயாவும் பழம்பொரியும்.

நான் போகப்போவது சுசீந்திரம். கோயிலைச் சுற்றிய தெருவில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று 1926-லும் 1930-லும் சத்தியாகிரகம் நடந்த ஊர். டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்றார். 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகே கோயில் வாசல் எல்லோருக்கும் திறந்தது.

இதைச் சொன்னதும் ஒரு மைத்துனர், "நல்ல நாளும் அதுவுமா சாதிப் பேச்சை எதுக்கு எடுக்கணும் அத்தான்?" என்றார். எடுக்கத்தான் வேண்டும். என் வகுப்பில் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்த பிள்ளைகளே, உங்களில் சிலருடைய தாத்தாவுக்கு அந்தத் தெருவில் கால் வைக்க உரிமை இல்லை. வேறு சிலருடைய தாத்தா அதைத் தடுக்க நின்றிருப்பார். வெள்ளைக்காரன் போனதை மட்டும் கொண்டாடி, இதை மறைத்தால் பிள்ளைகளுக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும். அந்தப் பாதிக் கதையைத்தான் நானும் மேடையில் இத்தனை வருஷம் சொன்னேன்.

15-ஆம் தேதி காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறும் முன்பே, சுசீந்திரம் தெப்பக்குளத்துப் பக்கம் பேத்தியோடு நிற்பேன். தெருவை ஒரு சுற்று நடப்போம். யாரையும் வரிசையில் நிறுத்த மாட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மயங்கி விழுந்த அந்தப் பையன் வந்தால், சாயா என் செலவு.