கரப்பான் பூச்சிக்கு ஏன் சிவப்பு இரத்தம் இல்லை?



மேல்நிலை வகுப்பு உயிரியல் தேர்வு நெருங்கும் நாட்களில் நம் வீடுகளில் ஒரே காட்சிதான். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி முணுமுணுக்கும் பிள்ளைகள். ஒரு பாடம் முடிந்ததும் அடுத்தது. அதுவும் முடிந்தால் மறுபடியும் முதல் பாடம். இதைத்தான் நாம் 'திருப்புதல்' என்கிறோம். இந்த முறை உழைப்புக்கு ஏற்ற பலனைத் தருவதில்லை என்பது என் கருத்து.

நானோ கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். உயிரியலைப் பற்றிப் பேச எனக்கென்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். மனப்பாடப் பாடம் என்று அஞ்சிப் பள்ளியிலேயே உயிரியலை விட்டு ஓடியவன் நான். அப்படி ஓடியது தவறு என்று புரிய இருபது ஆண்டுகள் ஆயின. அந்த அனுபவம்தான் என் தகுதி!

சென்ற ஆண்டு அண்டை வீட்டு மாணவி ஒருத்தி பாடம் ஒப்பிக்க வந்தாள். கரப்பான் பூச்சி எப்படிச் சுவாசிக்கிறது என்று கேட்டேன். "மூச்சுக்குழல்கள் மூலம், மாமா. பத்து இணை சுவாசத் துளைகள். மார்பில் இரண்டு இணை, வயிற்றில் எட்டு இணை" என்றாள். அதன் இரத்தம்? "நிறமற்றது. சுவாச நிறமி கிடையாது." மண்புழு? "தோல் மூலம் சுவாசிக்கும். இரத்தம் சிவப்பு. ஹீமோகுளோபின் பிளாஸ்மாவில் கரைந்திருக்கும்."

எல்லாம் சரியான விடைகள். பிறகு கேட்டேன்: "மண்புழுவுக்குத் தேவைப்பட்ட அந்தச் சிவப்பு நிறமி கரப்பானுக்கு ஏன் தேவைப்படவில்லை?"

அவள் விழித்தாள். "அது புத்தகத்தில் இல்லையே, மாமா!"

புத்தகத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. பாதி விடை ஒரு பக்கத்திலும் மீதி வேறொரு பக்கத்திலும் கிடக்கின்றன. இரண்டையும் சேர்க்க ஒரு கருத்து வேண்டும். அதுதான் விரவல். சில நூல்கள் இதைப் பரவல் என்கின்றன. பெயர் இரண்டானதால் பொருளும் இரண்டு என்று எண்ணிவிடாதீர்கள்.

காபியில் சர்க்கரையைப் போட்டு, ஆற்றாமல் கலக்காமல் குடித்துப் பாருங்கள். மேலே கசக்கும், அடியில் பாகாக நிற்கும். மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் குடிகாரன் நடையைப் போல முன்னே இரண்டடி, பக்கத்தில் ஓரடி, பின்னே இரண்டடி என்று அலைவதால் நெடுந்தூரம் போய்ச் சேர வெகு நேரமாகிறது. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். விரவலின் விதியை 1855இல் வகுத்த அடால்ஃப் ஃபிக் ஓர் உடலியல் அறிஞர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயற்பியல்காரர்களாகிய நாங்கள் அதை எங்கள் விதி என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்!

இப்போது கணக்கைப் பாருங்கள். நீரில் கரைந்த ஆக்சிஜன் ஒரு செல்லின் அகலத்தை, அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை, விரவிக் கடக்க வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 4 நிமிடம். ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 7 மணி நேரம். ஒரு மீட்டருக்கு? ஏறத்தாழ 8 ஆண்டுகள்! நுரையீரலில் நுழைந்த ஆக்சிஜன் விரவலை மட்டுமே நம்பி உங்கள் கால் விரலுக்குப் போவதென்றால், ஆறாம் வகுப்பில் இழுத்த மூச்சு கல்லூரியில் போய்ச் சேரும்.

இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பாடங்களைப் புரட்டுங்கள். இதயம் எதற்கு? காபியைக் கலக்கும் கரண்டி வேலைக்கு. செல்கள் ஏன் சிறியவை? நுரையீரலின் காற்று நுண்ணறைக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள சுவர் ஏன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மெல்லியது? தட்டைப்புழு ஏன் தட்டை? இலை ஏன் மெல்லியது? இவற்றுக்குத் தனித்தனியாக விடைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நரம்பு மண்டலத்துக்கும் இதே கணக்குதான். இரு நியூரான்களுக்கு இடையிலுள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதை ஒரு வேதிப்பொருள் மைக்ரோ வினாடி கணக்கில் விரவிக் கடந்துவிடும். ஆகவே அங்கே வேதிப்பொருள் போதும். ஆனால் முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை விரவல் உதவாது. அங்கே மின் துடிப்பு வேண்டியிருக்கிறது. ஹார்மோனோ இரத்தத்தில் சவாரி செய்து போகிறது. எத்தனை பாடங்கள் ஒரு கயிற்றில் வந்து சேர்ந்துவிட்டன, பாருங்கள்!

சரி, கரப்பானுக்கு வருவோம். காற்றில் ஆக்சிஜன் நீரில் இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு விரைவாக விரவும். கரப்பானின் மூச்சுக்குழல்கள் கிளைத்துக் கிளைத்துக் காற்றையே திசுக்களின் வாசல் வரை கொண்டுபோய் விடுகின்றன. வயிற்றை அசைத்துக் காற்றைத் தள்ளவும் செய்கின்றன பெரிய பூச்சிகள். ஆகவே இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க வேண்டியதில்லை. சுமையில்லாத இடத்தில் சுமைகூலி எதற்கு? மண்புழுவுக்கு அப்படிப்பட்ட குழாய்கள் இல்லை. ஈரத்தோலில் நுழையும் ஆக்சிஜனை உள்ளே எடுத்துச் செல்ல இரத்தம்தான் வழி. சுமக்கும் நிறமி வேண்டும். ஆகவே சிவப்பு.

பூச்சிகளிலும் விதிவிலக்கு உண்டு. குளத்துச் சேற்றில் வாழும் ஒருவகைக் கொசுறு ஈயின் இளம்புழு நல்ல சிவப்பாக இருக்கும். அதன் இரத்தத்தில் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆக்சிஜன் அரிதான சேற்றில் காலம் தள்ளுகிறதல்லவா? இந்த விதிவிலக்கும் நம் கருத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது.

'மனப்பாடமே வேண்டாம் என்கிறீரா?' என்று உங்கள் உயிரியல் ஆசிரியர் என்னைக் கோபிக்கக்கூடும். அப்படிச் சொல்லவில்லை. ஹார்மோன்களின் பெயர்களையும் தொகுதிகளின் பெயர்களையும் எந்தக் கணக்கும் தராது. அவற்றை நெட்டுருப் போடத்தான் வேண்டும். பத்து இணைத் துளைகளையும் அந்தப் பெண் நெட்டுருப் போட்டது வீணல்ல. ஆனால் ஒரு மதிப்பெண் வினாக்களைக் குவித்து வைத்திருக்கும் கைடுகளை மட்டும் நம்பிப் படிப்பவர், வினாவைச் சற்றே திருப்பிக் கேட்டால் திணறிப்போகிறார். நுழைவுத் தேர்வில் வினாக்கள் பெரும்பாலும் திருப்பித்தான் கேட்கப்படுகின்றன. டியூஷனுக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய இழப்பு. இரவெல்லாம் விழித்த உழைப்பு அங்கே கணக்கில் வராமல் போகிறது. கருத்தைப் பிடித்துக்கொள்ள டியூஷன் வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

திரும்பத் திரும்ப வாசிப்பது நமக்கு ஒரு மயக்கத்தைத் தருகிறது. பக்கம் பழகிப்போவதால் பாடமே தெரிந்துவிட்டதுபோல் தோன்றும். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில், ஒருமுறை வாசித்தபின் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். தேர்வோ ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

ஆகவே இன்றிரவு புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளின் நடுவில் 'விரவல்' என்று எழுதுங்கள். அதனோடு தொடர்புள்ளதாக நினைவுக்கு வரும் ஒவ்வோர் உறுப்பையும் உயிரியையும் சுற்றிலும் எழுதி, ஏன் தொடர்பு என்று ஒரு வரி சேருங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையால் நிரப்புங்கள். சிவப்பு மிகுந்திருந்தால் வெட்கப்பட வேண்டாம். மூன்று நாள் கழித்து மறுபடி எழுதிப் பாருங்கள். தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். "ஏன்?" என்று அவர்கள் கேட்பதைப்போல் எந்தக் கைடும் கேட்காது. அடுத்த வாரம் நடுவில் எழுத வேண்டிய சொல் 'ஆற்றல்'. அதற்கடுத்த வாரம் 'பரப்பும் பருமனும்'.

அந்தப் பெண் இப்போது என்னிடமே கேள்வி கேட்கிறாள். போன வாரம் கேட்டது இது: "தவளையின் இதயத்தில் மூன்றே அறைகள். நல்ல இரத்தமும் கெட்ட இரத்தமும் ஓரளவு கலந்துவிடும் என்று படித்தோம். ஆனால் தவளை தோலாலும் சுவாசிக்கிறதே! தோலிலிருந்து திரும்பும் இரத்தம் இதயத்தின் எந்த அறைக்கு வருகிறது? அப்படியானால் அந்தக் கலப்பு உண்மையிலேயே குறைதானா, மாமா?"

நான் புத்தகத்தைத் திறக்கவேண்டியதாயிற்று. நீங்கள் திறப்பதற்கு முன் படத்தை வரைந்து பாருங்கள்.