அரை நாள் ஓய்வும் ஒரு வேளை உணவும்



புனே மாநகரின் வடமேற்கில், முளா ஆற்றின் கரையோரமாக அமைந்திருக்கிறது ஔந்த். அதற்கு அருகில் உள்ள கட்கியிலும், இன்னும் சற்றுத் தொலைவில் உள்ள தேஹு ரோட்டிலும், படைமுகாம்களையும் ஆயுதத் தொழிற்சாலைகளையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அந்த முன்னோர் கடினமாக உழைத்தவர்கள். ஆனால் ஆலைச் சங்கு ஊதியதும் அவர்களுடைய வேலை முடிந்துவிடும். ஹிஞ்ஜவடியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழும்பிய பின்பு ஔந்திலும் பாணேரிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கோ அப்படி ஒரு சங்கு இல்லை. வேலை மடிக்கணினியாக அவர்களுடனேயே வீட்டிற்கு வருகிறது. அமெரிக்காவில் விடியும்போது இங்கே இரவுச் சாப்பாட்டு வேளையில் அழைப்பு ஒலிக்கிறது.

"இந்த வேலை முடியட்டும், பிறகு ஓய்வெடுக்கலாம்" என்று சொல்லாத பிள்ளை உண்டா? அந்தப் "பிறகு" எப்போது வருகிறது என்பதைக் குறித்தே இம்மாதம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

ஒரு தாயின் கடிதம்

2024-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி, புனேயில் பணிபுரிந்த 26 வயதுப் பட்டயக் கணக்கர் ஒருவர் மரணமடைந்தார். கேரளத்தைச் சேர்ந்த அந்த மகள் வேலையில் சேர்ந்து நான்கே மாதங்கள் ஆகியிருந்தன. செப்டம்பர் மாதத்தில் அவருடைய தாயார் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் வெளியாகி, நாடெங்கும் வாசிக்கப்பட்டது. பணிச்சுமையே காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. அந்த வழக்கை நாம் தீர்க்கப் போவதில்லை. ஆனால் அக்கடிதத்தில் இருந்த ஒரு சிறு செய்தியை நாம் மறக்கக் கூடாது. மரணத்திற்கு இரு வாரங்களுக்கு முன்பு நெஞ்சில் இறுக்கம் என்று மருத்துவமனைக்குச் சென்றபோது இருதயப் பரிசோதனையில் குறை எதுவும் தெரியவில்லை. போதிய தூக்கம் இல்லை, உணவு மிகவும் காலதாமதமாக உண்ணப்படுகிறது என்றே மருத்துவர் சொன்னாராம். பட்டமளிப்பு விழாவிற்காகப் பெற்றோர் புனேக்கு வந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் மகளுக்கு வேலை இருந்ததாகத் தாயார் எழுதியிருந்தார்.

தூக்கம், உணவு, பெற்றோரோடு ஒரு நாள். இம்மூன்றும் ஆடம்பரங்களா? பிழைப்புக்காக வெளியூர் வந்த நாம் முதலில் விட்டுக்கொடுப்பது இம்மூன்றையும்தான்.

உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்தில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், இருதய நோயால் மரிக்கும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம் என்று அது கூறுகிறது. 2016-ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய இத்தகைய மரணங்கள் உலகளவில் ஏறத்தாழ 7,45,000 என்று கணக்கிடப்பட்டுள்ளது. 2023-இல் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கூறியபோது நாட்டில் பெரிய விவாதம் எழுந்தது. விவாதம் எப்படி முடிந்தாலும் சரீரம் தன் கணக்கைத் தானே எழுதிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எப்படி வந்தது?

நாம் ஆராதனைக்குக் கூடிவரும் ஞாயிற்றுக்கிழமை இம்மண்ணில் உழைப்பாளிகளுக்குத் தானாக வந்த விடுமுறை அல்ல என்பதை அறிவீர்களா? பம்பாய் பஞ்சாலைகளில் ஆணும் பெண்ணும் சிறுவரும் வார விடுப்பின்றி உழைத்த காலம் ஒன்று இருந்தது. புனேயின் சமூகச் சீர்திருத்தவாதியாகிய ஜோதிராவ் பூலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே, 1884-இல் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டினார். ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று தயாரானது. அதில் அவர்கள் கேட்டவற்றுள் இரண்டைக் கவனியுங்கள்: ஞாயிறுதோறும் முழுநாள் ஓய்வு, நண்பகலில் அரை மணி நேர இடைவேளை. ஆறு ஆண்டுகள் போராடிய பின்பு, 1890 ஜூன் 10-ஆம் தேதி ஆலை முதலாளிகளின் சங்கம் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கியது. அடுத்த ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை இடம்பெற்றது.

ஆலைத் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற ஓய்வை, பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் ஒரு குறுஞ்செய்திக்காக விட்டுக்கொடுக்கிறார்கள். கடைகள், அலுவலகங்களுக்கான 2017-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டமும் வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு அளிக்கப்பட வேண்டும் என்கிறது. இச்சட்டம் எல்லா நிறுவனங்களையும் எல்லாப் பதவிகளையும் கட்டுப்படுத்துவதில்லை. எனினும் நம் உரிமை இன்னதென்று அறிந்திருப்பது நல்லது.

தீர்க்கதரிசிக்குக் கிடைத்த முதல் உதவி

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். எலியா களைத்து, இனிப் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டார். அப்பொழுது அவருக்கு முதலில் வந்தது கண்டனமும் அல்ல, புதிய கட்டளையும் அல்ல. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வந்தன. உண்டார், மறுபடியும் உறங்கினார், மறுபடியும் உண்டார். பேச்செல்லாம் அதன் பிறகுதான். களைத்துப்போன ஒரு பிள்ளைக்கு நாம் நீண்ட அறிவுரை சொல்லப் புறப்படும்போது இந்த வரிசையை நினைவில் கொள்வோமாக.

அருகில் இருக்கும் நண்பர்

வெளியூரில் வாழ்கிறவனுக்கு இன்னொரு குறை உண்டு. "முகம் ஏன் வாடியிருக்கிறது?" என்று கேட்க ஆள் இல்லை. தாயார் தொலைபேசியில் கேட்கும்போது, "நன்றாக இருக்கிறேன், அம்மா" என்று சொல்லிவிடலாம். குரலை மாற்றிக்கொள்ள முடியும். எதிரே அமர்ந்து உண்ணும் நண்பரிடம் அது இயலாது. நீங்கள் பாதிச் சாப்பாட்டில் கையை உதறுவதையும், மூன்று நிமிடத்திற்கொருமுறை கைபேசியைப் பார்ப்பதையும் அவர் காண்கிறார். நண்பர்களோடு சிறிது நேரம் வெளியே செல்வதன் பெரிய பயன் இதுவே என்பேன். நம்மைக் கண்ணால் காண்கிறவர்கள் நமக்கு வேண்டும்.

"ஊருக்குப் போகும்போது ஓய்வெடுத்துக்கொள்கிறேன்" என்று பலர் ஆண்டு விடுப்பையே நம்பியிருக்கிறார்கள். புனேயிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலில் ஒரு நாளுக்கும் மேல் ஆகிறது. போய்ச் சேர்ந்தால் திருமணம், வீட்டுப் பணி, உறவினர் சந்திப்பு என்று நாட்கள் கரைந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை பத்து நாள் ஊர்ப் பயணம் அவசியமே. ஆனால் மாதம் ஒருமுறை அரை நாள் இளைப்பாறுதல் செய்யும் பணியை அது செய்யாது. தொட்டியை ஆண்டிற்கொருமுறை நிரப்பி நாள்தோறும் இறைத்தால் எத்தனை நாளுக்குத் தண்ணீர் இருக்கும்?

எங்கே போவது? என்ன உண்பது?

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. வீட்டிற்கு அனுப்ப வேண்டிய தொகையில் கை வைக்கவும் வேண்டாம். கட்கியிலோ சிவாஜிநகரிலோ லோணாவளா செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறி, மளவ்லி நிலையத்தில் இறங்கினால், ஒரு பக்கம் பாஜா குகைகள், மறுபக்கம் கார்லா குகைகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பாறையைக் குடைந்து அமைத்தவை. நகரின் தென்மேற்கில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் சிங்ககட் கோட்டை இருக்கிறது. 1670-இல் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே உயிரைக் கொடுத்து மீட்ட கோட்டை அது.

அங்கே மலைமேல் கிராமத்துப் பெண்கள் சுடச்சுடத் தரும் பிட்லா-பாக்ரியை உண்டு பாருங்கள். கடலை மாவைத் தாளித்துக் கிண்டியது பிட்லா. சோளத்திலோ கம்பிலோ கையால் தட்டிச் சுட்ட ரொட்டி பாக்ரி. கூடவே பச்சை மிளகாய்த் துவையலும், மண் சட்டியில் உறைந்த தயிரும் கிடைக்கும். நம் பாட்டிமார் சுட்ட கம்பு ரொட்டியை அறிந்தவர்களுக்கு அது அந்நிய உணவாகத் தோன்றாது. நகரத்திற்குள்ளேயே முளைகட்டிய நரிப்பயற்றுக் குழம்பின்மேல் காராசேவு தூவித் தரும் மிசல் உண்டு. வந்து சேர்ந்த மண்ணின் உணவை அம்மண்ணின் மக்களோடு அமர்ந்து உண்ணும்போது, "நான் இங்கே பிழைக்க வந்தவன் மட்டுமே" என்ற உணர்வு சற்றுக் குறையும்.

வெளியே செல்ல இயலாத மாதத்தில் ஓர் அறையில் கூடுங்கள். ஒருவர் அரிசியும் இன்னொருவர் காய்கறியும் கொண்டுவரட்டும். இரவு பதினொரு மணிக்கு நெகிழி டப்பாவில் வந்திறங்கும் உணவைத் திரையைப் பார்த்தபடி விழுங்குவதற்கும், நான்கு பேர் சேர்ந்து வெங்காயம் உரித்து, சாம்பாருக்கு உப்புப் போதுமா என்று வாதாடி உண்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! திருமணமானவர்கள் தங்கள் வீட்டுப் பந்தியில் ஒரு தனியாளுக்கு இடம் வைப்பார்களாக.

சில எச்சரிப்புகள்

மழைக்காலத்தில் விசேஷித்த கவனம் தேவை. 2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை, லோணாவளாவின் பூஷி அணைக்கு அருகில் அருவியின் நடுவே நின்ற ஒரே குடும்பத்தார் ஐவரைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. 2025 ஜூன் 15, அதுவும் ஞாயிற்றுக்கிழமையே, குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றின் பழைய இரும்புப் பாலம் கூட்டத்தின் பாரம் தாங்காமல் விழுந்து நால்வர் மாண்டனர். ஓடும் நீரில் இறங்காதீர்கள். ஒரு புகைப்படத்திற்காக விளிம்பில் நிற்காதீர்கள். தடை செய்யப்பட்ட இடத்திற்கு நண்பர்கள் அழைத்தாலும் செல்லாதீர்கள். தூக்கமின்றி இரவு முழுவதும் வண்டி ஓட்டிச் சென்று திரும்புவது ஓய்வாகாது. அது இன்னொரு வேலை.

செலவில் போட்டி வேண்டாம். அதிகச் சம்பளம் வாங்குகிறவர் உணவகத்தைத் தீர்மானித்தால், குறைந்த சம்பளம் வாங்குகிறவர் அடுத்த மாதம் ஏதாவது காரணம் சொல்லி வராமல் இருந்துவிடுவார். எல்லோராலும் இயன்ற இடத்தையே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்றே செய்யத்தக்கது

இந்த மாதத்தின் நாட்காட்டியை எடுத்து, ஒரு சனிக்கிழமையையோ ஞாயிறு பிற்பகலையோ குறித்துவிடுங்கள். இரண்டு அல்லது மூன்று நண்பர்களுக்கு இப்போதே சொல்லுங்கள். அலுவலகத்திலும் முன்கூட்டியே பணிவாகத் தெரிவியுங்கள். கடைசி நேரத்தில் சொல்லும் மறுப்பைவிட முன்னதாகச் சொல்லும் வேண்டுகோள் எளிதில் ஏற்கப்படும். அந்தச் சில மணி நேரம் மடிக்கணினி அறையிலேயே இருக்கட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை அழைக்கும்போது, "சம்பளம் வந்ததா?" என்பதற்கு முன்பாக, "சாப்பிட்டாயா? யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பல வாரங்களாகப் பதில் இல்லையென்றால், அடுத்த ரயிலில் நீங்களே புறப்பட்டு வருவது நல்லது.

சபையில் மூத்தவர்களே, நான்கு வாரங்களாக ஆராதனைக்கு வராத ஓர் இளைஞன் உங்கள் நினைவுக்கு வரலாம். அவன் பின்வாங்கிப்போனான் என்று தீர்மானிப்பதற்கு முன்பு, ஒரு பாத்திரத்தில் குழம்பை எடுத்துக்கொண்டு அவன் அறைக் கதவைத் தட்டுங்கள். ஒருவேளை அவன் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும். உறங்கட்டும். எழுந்த பின்பு அவனோடு அமர்ந்து உண்ணுங்கள்.