தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

செருப்பு வாங்கப் போனால் காலை அளக்கிறார்கள். சட்டை தைக்கக் கொடுத்தால் தோளை அளக்கிறார்கள். துப்பாக்கி தூக்கி நிற்கிறவரின் தோளை மட்டும் யாரும் அளப்பது இல்லை!

இது வேடிக்கைப் பேச்சு அல்ல. பாங்கி வாசலிலும், பணம் ஏற்றிச் செல்லும் வண்டியிலும் துப்பாக்கியுடன் ஒருவர் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தத் துப்பாக்கி அவர் உடம்புக்கு ஏற்றதா?

சிப்பாய் வேலை முடிந்த பிறகு

இராமநாதபுரத்துக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவில் இருக்கிறது உச்சிப்புளி. பனையும் தென்னையும் உப்புக் காற்றும் உள்ள ஊர். கடற்படையின் "பருந்து" விமான தளம் இருப்பதும் இங்கேதான்.

இந்த ஊரில், ஓய்வு பெற்ற சிப்பாய் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் கல்லூரியில் படிக்கிறாள். பென்சன் பணம் போதவில்லை. பாங்கிக் காவலுக்கு ஆள் தேடுகிறார்கள். "சொந்தத் துப்பாக்கி உண்டா? லைசென்சு உண்டா?" என்று கேட்கிறார்கள். இருக்கிற பணத்தைப் போட்டு, ஒரு பம்பு துப்பாக்கி வாங்குகிறார்.

அது என்ன பம்பு துப்பாக்கி? குழாயின் அடியில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைப் பின்னால் இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அமெரிக்காவில் ஜான் பிரவுனிங் என்பவர் அமைத்த இந்த வகைத் துப்பாக்கி, 1897-ல் வின்செஸ்டர் கம்பெனியின் பெயரில் வந்து புகழ் பெற்றது. நம் திருச்சியில் 1966-ல் தொடங்கிய அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையும் 12 போர் பம்பு துப்பாக்கி செய்திருக்கிறது.

"12 போர்" என்பது குழாயின் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டையின் பருமன்தான் குழாயின் வாய் அகலம். சுடும்போது அது தோளில் பலமாக உதைக்கும்.

அரை அங்குலத்தில் ஆபத்து

அந்த உதையைத் தாங்குவது பின்கட்டை. முழங்கையை மடக்கி, மடிப்பில் கட்டையின் அடியை வைத்தால், விரல் விசைக்கு எட்ட வேண்டும். இது பழைய கணக்கு. கட்டை நீளமாக இருந்தால் சட்டையில் சிக்கும். குட்டையாக இருந்தால் கட்டைவிரல் மூக்கில் மோதும். இரண்டு முறை அடி வாங்கியவர், மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு சுடுவார். அந்தத் தோட்டாவில் இருந்து ரவைகள் சிதறும். பாங்கியில் வரிசையில் நிற்பவர்கள் யார்? நம் வீட்டுப் பெரியவர்கள்தானே!

இப்போது பல துப்பாக்கிகள் பிளாஸ்டிக் கட்டையோடு வருகின்றன. மழையும் உப்புக் காற்றும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் மரத்தை ஆளுக்கு ஏற்றபடி இழைக்கலாம். நீளத்தைக் குறைக்கலாம், ரப்பர் வைத்துக் கூட்டலாம். ஆகையால் நம் சிப்பாய் மரக்கட்டை போட நினைப்பது வெறும் அழகுக்காக அல்ல.

எந்த மரம் நல்லது? அக்ரூட் மரம். காஷ்மீரத்தில் விளைகிறது. உறுதியானது, எளிதில் கோணாது. பனைமரம் வீட்டுக் கூரைக்குக் கைமரம் ஆகும். நார் நாராக இருப்பதால் துப்பாக்கிக் கட்டைக்கு ஆகாது. அக்ரூட் கட்டைக்கும் ஆளிவிதை எண்ணெய் பூசி வர வேண்டும். கடலோர ஈரத்தில் எண்ணெய் காணாத மரம் ஊதிப் போகும், இரும்பு துருப்பிடிக்கும்.

தச்சரிடம் கொடுக்கலாமா?

கூடவே கூடாது! ஊர்த் தச்சர் கதவு செய்வதில் கெட்டிக்காரராக இருக்கலாம். துப்பாக்கி வேலை வேறு. கட்டை இரும்போடு சேரும் இடம் மெல்லிய கழுத்து. அங்கே கொஞ்சம் பிசகினாலும், உதையில் மரம் பிளந்து விடும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றி அமைக்கவும் தனி லைசென்சு வேண்டும். இஷ்டப்படி குழாயை வெட்டிக் குட்டையாக்குவதும் குற்றம். 2019-ல் தண்டனை இன்னும் கடுமை ஆக்கப்பட்டது. ஐந்நூறு, ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், சிப்பாயும் சிக்குவார்; பாவம், தச்சரும் சிக்குவார்!

லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடைக்குத்தான் போக வேண்டும். அதற்குச் செலவு ஆகும். அந்தச் செலவை யார் கொடுப்பது? வேலைக்கு வைத்தவர்கள்தான் கொடுக்க வேண்டும்.

"காவலுக்குத் துப்பாக்கி தெரிந்தால் போதும், திருடன் பயப்படுவான்" என்று சிலர் சொல்லலாம். சோளக்கொல்லைப் பொம்மைக்கு அது சரி. மனிதருக்குச் சரி அல்ல. பொம்மையின் கையில் தோட்டா இல்லை!

காவலரை வேலைக்கு எடுக்கும்போதே தோளை அளக்கட்டும். கட்டையைச் சரி செய்து கொடுக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது முறைப்படி சுட்டுப் பழகச் செய்யட்டும். பெட்டியில் உள்ள பணத்தை நாள்தோறும் எண்ணுகிறார்கள். அதைக் காக்கிறவரின் தோளை ஒரு முறை அளக்கக் கூடாதா?